சுவாமி சகஜானந்தா

சுவாமி சகஜானந்தா (ஜனவரி 27, 1890 – மே 1, 1959) தமிழ்நாட்டைச் சேர்ந்த சைவத் துறவி, கல்விப் பணியாளர், அரசியலாளர் ஆவார். ஆதிதிராவிடர் சமூகத்தில் பிறந்த இவர், சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, அதன் வழியாகப் பள்ளி, மாணவர் விடுதி, மடம், கோயில் ஆகியவற்றை உருவாக்கினார். நடராசர் கோயிலுக்குள் தம் மக்களுக்கு இடமில்லாதிருந்த காலத்தில், நந்தனாரின் நினைவோடு தொடர்புடைய ஓமக்குளம் பகுதியில் நிலம் பெற்று, அதனை அம்மக்களின் கல்விக்கும் வழிபாட்டுக்கும் உரிய பொது இடமாக மாற்றியது இவரது முதன்மைப் பணியாகும். சென்னை மாகாணச் சட்டமன்றத்திலும், விடுதலைக்குப் பின் சென்னை மாநிலச் சட்டமன்றத்திலும் இவர் உறுப்பினராக இருந்தார்.

வட்டாரமும் காலமும்

சகஜானந்தா பிறந்து வளர்ந்த பகுதி செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள வட்டாரம் ஆகும். செஞ்சிக்கு வடக்கே ஆரணியும் கிழக்கே திண்டிவனமும் அமைந்துள்ளன. ஆரணி அன்று வடஆற்காடு மாவட்டத்திலும், செஞ்சி, திண்டிவனம், சிதம்பரம் ஆகியவை தென்னாற்காடு மாவட்டத்திலும் இருந்தன. ஏரிப் பாசனத்தையும் வானம் பார்த்த நிலங்களையும் நம்பியிருந்த இப்பகுதிகளில் ஆதிதிராவிடர்களில் பெரும்பாலோர் பிறர் நிலத்தில் உழைக்கும் கூலிகளாகவோ பண்ணையாட்களாகவோ வாழ்ந்தனர்.

அவர்களுக்கு விளைநிலம் இல்லாதது மட்டும் குறையன்று. குடியிருந்த மனையும் பல ஊர்களில் அவர்களுடையதாக இல்லை. சேரி அமைந்திருந்த நத்தத்தின் மீதும் மிராசுதாரர்கள் உரிமை கோரினர். கூலியை உயர்த்திக் கேட்டாலோ, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினாலோ, குடிசையை விட்டு வெளியேற்றப்படும் அச்சம் இருந்தது. இந்நிலையைச் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றிய திரமென்கீர் 1891ஆம் ஆண்டில் அரசுக்கு அளித்த அறிக்கையில் விரிவாக விளக்கினார். அதன் விளைவாக 1892ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சென்னை மாகாண அரசு வெளியிட்ட ஆணையின்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலங்கள் வழங்கப்பட்டன. இவையே பிற்காலத்தில் பஞ்சமி நிலங்கள் என அழைக்கப்பட்டன. பெற்றவர் முதல் பத்தாண்டுகளுக்கு இந்நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்பதும், அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினரைத் தவிர வேறு எவருக்கும் கைமாற்றக் கூடாது என்பதும் நிபந்தனைகள் ஆகும்.

நிலம் தனி ஒருவரின் கையில் இருந்தாலும் அது சமூகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்ற கருத்து இவ்வாறு சட்ட வடிவம் பெற்றபோது சகஜானந்தா இரண்டு வயதுக் குழந்தை.

இளமைக்காலம்

ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில் அண்ணாமலை – அலமேலு இணையருக்கு மகனாக இவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. தொடக்கக் கல்வியைச் சொந்த ஊர்ப் பகுதியில் பெற்ற இவர், பின்னர் திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிசன் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். ஆதிதிராவிடர் குழந்தைகளுக்குப் பிற பள்ளிகளின் கதவுகள் பெரும்பாலும் மூடியிருந்த அக்காலத்தில், மிசன் பள்ளிகளே அவர்களுக்கு எழுத்தறிவு தந்த முக்கிய வாயிலாக இருந்தன.

முனுசாமி படிப்பில் சிறந்து விளங்கினார். விவிலியப் பாடத்திலும் தேர்ச்சி பெற்றிருந்தார். பள்ளியில் இவருக்குச் சிகாமணி என்ற பெயர் வழங்கப்பட்டது. ஆயினும் கிறித்தவ சமயத்தைத் தழுவ இவர் இசையவில்லை. அதனால் பள்ளிப் படிப்பைத் தொடர இயலாமல் போனது. கல்வி பிறரது நிறுவனத்தில் கிடைக்கும்போது, அந்நிறுவனத்தின் விருப்பத்துக்கு உட்பட வேண்டியிருக்கும் என்ற அனுபவம் இளமையிலேயே இவருக்குக் கிடைத்தது. தம் மக்களுக்கெனத் தனிப் பள்ளி வேண்டும் என்று இவர் பின்னாளில் முனைந்ததை இந்நிகழ்வோடு சேர்த்துப் பார்க்கலாம்.

வறுமையின் காரணமாக இவரது குடும்பம் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. வடஆற்காடு, தென்னாற்காடு மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆதிதிராவிடர் குடும்பங்கள் பண்ணை வேலையை விட்டுத் தங்கச் சுரங்கங்களுக்குக் குடிபெயர்ந்த காலம் அது. பணமாகக் கூலி கிடைத்த அவ்விடத்தில் சங்கங்களும் இரவுப் பள்ளிகளும் சமய அமைப்புகளும் வளர்ந்தன. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கமும் அங்கே வலுவாக வேரூன்றியிருந்தது. இச்சூழலில் வாழ்ந்த முனுசாமிக்கு ஆன்மிக நாட்டம் மிகுந்தது.

துறவு

வீட்டை விட்டு நீங்கிய முனுசாமி, பல இடங்களில் அலைந்து இறுதியில் சென்னை வியாசர்பாடியில் இருந்த கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகளின் மடத்தை அடைந்தார். அங்கே தமிழ்ச் சமய நூல்களையும் வேதாந்தத்தையும் கற்றார். சகஜானந்தா என்னும் துறவுப் பெயரை இவர் பெற்றது அங்கேயே ஆகும். மக்கள் நடுவே தொண்டு செய்யுமாறு குரு பணித்ததை ஏற்று, 1910ஆம் ஆண்டில் சிதம்பரம் வந்து சேர்ந்தார். அப்போது இவருக்கு வயது இருபது.

சிதம்பரமும் நந்தனாரும்

சிதம்பரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பொருள் உண்டு. அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவரான திருநாளைப்போவார் என்னும் நந்தனார், புலையர் குலத்தில் ஆதனூரில் பிறந்து, தில்லைக் கூத்தனைக் காண வேண்டும் என்று ஏங்கியவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின்படி, நந்தனார் தீயில் மூழ்கி, முனிவர் வடிவம் பெற்று எழுந்த பின்னரே கோயிலுக்குள் சென்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருட்டிண பாரதியார் இக்கதையை நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாகப் பாடினார். பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் என்னும் நிலக்கிழார் பாத்திரம் இதில் இடம்பெற்றது. அதன் மூலம் நந்தனாரின் கதை பக்திக் கதையாக மட்டுமன்றி, சிதம்பரம் போக விடுப்புக் கேட்கும் பண்ணையாளின் கதையாகவும் மக்களிடையே பரவியது.

நந்தனார் தீயில் இறங்கிய இடம் எது என்பதில் இரு மரபுகள் உள்ளன. கோயிலின் தெற்கு வாயிலுக்கு வெளியே மதிற்புறத்தில் தீக்குழி அமைக்கப்பட்டதாகச் சேக்கிழார் கூறுகிறார். சிதம்பரம் நகரின் ஓமக்குளமே அவ்விடம் என்பது உள்ளூர் மரபு. நந்தனாரை நாயன்மாராகப் போற்றி, அவரது கதையைப் பாடிவந்த அதே நகரில், அவர் பிறந்த குலத்தவர் கோயிலுக்குள் செல்லவோ, யாத்திரிகர் சத்திரங்களில் தங்கவோ இயலாத நிலை இருந்தது. சிதம்பரத்தில் பல சாதியினருக்கும் தனித்தனி மடங்கள் இருந்தன. நந்தனாரின் மக்களுக்குச் சொந்தமாக ஓர் இடம் தேவைப்பட்டது.

ஓமக்குளம் நிலம்

சகஜானந்தா தம் பணிக்குத் தேர்ந்த இடம் ஓமக்குளம். கோயில் வாயில் பிறரது கட்டுப்பாட்டில் இருந்தது. குளக்கரையை ஒட்டிய நிலத்தை முறைப்படி பெற முடிந்தது. செல்வந்தர்களிடமும் வணிகர்களிடமும் பிராமணரல்லாதார் இயக்கத் தலைவர்களிடமும் நன்கொடை திரட்டியும், சிற்றூர்களுக்குச் சென்று மக்களிடம் உதவி பெற்றும், இவர் படிப்படியாக அப்பகுதியில் நிலம் சேர்த்தார். அந்நிலத்தில் மடமும் பள்ளியும் விடுதியும் கோயிலும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

இவர் துறவி ஆதலால் மனைவி மக்கள் இல்லை. நிலத்தைப் பங்கு போட வாரிசுகளும் இல்லை. சேர்த்தவை அனைத்தும் நந்தனாரின் பெயரால் அமைந்த நிறுவனத்துக்கு உரியவையாகக் கருதப்பட்டன. பஞ்சமி நில முறையில் நிலம் குடும்பங்களுக்குத் தனித்தனியாக அளிக்கப்பட்டது. கடன், மாடும் ஏரும் இன்மை, எழுத்தறிவு இன்மை ஆகிய காரணங்களால் அக்குடும்பங்கள் நிபந்தனைகளை மீறியும் அறியாமலும் நிலத்தை இழந்தன. சகஜானந்தாவின் வழி இதிலிருந்து வேறுபட்டது. இங்கே நிலம் எந்த ஒரு குடும்பத்துக்கும் உரியதன்று. எனவே ஒருவரது கடனுக்காகவோ வறுமைக்காகவோ அது கைமாற வழியில்லை.

நந்தனார் கல்விக் கழகம்

1916ஆம் ஆண்டில் சகஜானந்தா நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அதன் பள்ளி 25 மாணவர்களுடன் ஆரம்பமானது. நீதிக்கட்சி தோன்றியதும் இதே ஆண்டில்தான் என்பது குறிப்பிடத்தக்கது. அரசு நிதி பெறும் பள்ளிகளில் ஆதிதிராவிடர் குழந்தைகளைச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை அக்காலத்தில் வலுப்பெற்று வந்தது. ஆணைகள் பிறந்தாலும் ஊர்களில் அவை நடைமுறைக்கு வரவில்லை. பள்ளி பெரும்பாலும் அக்கிரகாரத்திலோ கோயில் மண்டபத்திலோ நடந்ததால், சேரிக் குழந்தை அங்கே நுழைவதே சிக்கலாக இருந்தது. கட்டடம் நிற்கும் நிலம் யாருடையது என்பது, அதில் யார் படிக்கலாம் என்பதைத் தீர்மானித்தது.

நந்தனார் பள்ளியில் விடுதியும் சேர்ந்தே வளர்ந்தது. தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து வரும் ஆதிதிராவிட மாணவனுக்கு நகரில் வாடகை வீடோ உணவு விடுதியோ கிடைக்காத காலத்தில், உணவும் உறைவிடமும் இல்லாமல் பள்ளி மட்டும் பயன் தராது என்பதை இவர் உணர்ந்திருந்தார். பெண்களின் கல்வியிலும் அக்கறை காட்டினார். பாடங்களோடு தமிழ்ச் சமயப் பாடல்களும் கைத்தொழிலும் கற்பிக்கப்பட்டன. பள்ளி வளாகத்தில் சிவலோகநாதர் கோயிலும் அமைந்தது. நந்தனார் வழிபட்ட திருப்புன்கூர் இறைவனின் பெயரே இக்கோயிலுக்கு இடப்பட்டுள்ளது.

இதே காலத்தில் சிதம்பரம் ஒரு கல்வி நகரமாகவும் மாறிவந்தது. 1920ஆம் ஆண்டில் அண்ணாமலை செட்டியார் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1929ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. நகரம் விரியத் தொடங்குவதற்கு முன்னரே ஓமக்குளத்தில் நந்தனார் பள்ளி நிலைபெற்றுவிட்டது. அதனால் நகர வளர்ச்சியில் ஒடுக்கப்பட்ட மக்களின் பள்ளியும் மடமும் நகரத்துக்கு வெளியே தள்ளப்படாமல் காக்கப்பட்டன எனலாம்.

1927ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தமிழ்நாட்டுச் சுற்றுப்பயணத்தின்போது காந்தி சிதம்பரம் வந்தார். நந்தனாரை அறப்போராளியாகப் போற்றி அவர் ஆற்றிய உரை, நந்தனார் நினைவுக்கு நாடளாவிய கவனத்தைப் பெற்றுத் தந்தது.

சட்டமன்றப் பணி

1926ஆம் ஆண்டில் சகஜானந்தா சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினரானார். இரட்டை ஆட்சிக் காலத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் பிரதிநிதிகள் நியமனம் மூலமே அவைக்கு வந்தனர். எம். சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் முதலியோரும் இக்காலத்தில் மாகாணச் சட்டமன்றத்தில் பணியாற்றியவர்கள் ஆவர்.

குடியிருப்பு மனை, தரிசு நிலம், மாணவர் உதவித்தொகை, விடுதி, கிணறு, பாதை ஆகியவை இவர் அவையில் எழுப்பிய பொருள்களுள் முக்கியமானவை. ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் நலனுக்காக அரசு 1920 முதல் தொழிலாளர் ஆணையரின் பொறுப்பில் தனித் துறையை நடத்திவந்தது. நிலத்தைக் கையகப்படுத்தி வீட்டுமனைகளாக வழங்குவதும், பள்ளிகள் நடத்துவதும், கூட்டுறவுச் சங்கங்கள் அமைப்பதும் அத்துறையின் பணிகள். மனை சொந்தமானால்தான் மிராசுதாரின் மிரட்டலுக்கு அஞ்சாமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடியும் என்பதால், மனையும் கல்வியும் இவரது பணியில் ஒன்றையொன்று சார்ந்தவையாகவே இருந்தன.

பிற்காலத்தில் காங்கிரசுக் கட்சியில் செயற்பட்ட இவர், விடுதலைக்குப் பின் 1952, 1957 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற பொதுத் தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்த சிதம்பரத்திலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவரது சட்டமன்ற உரைகள் எழுத்தாளர் ரவிக்குமாரால் தொகுக்கப்பட்டு நூலாக வெளிவந்துள்ளன.

கோயில் நுழைவு

தனி இடம் உருவாக்கியதோடு பொது இடத்தின் மீதான உரிமையை இவர் விட்டுவிடவில்லை. 1939ஆம் ஆண்டில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலய நுழைவு நடைபெற்றது. 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் முழுமைக்கும் கோயில் நுழைவு அங்கீகாரச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில் சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் ஆதிதிராவிட மக்கள் சென்று வழிபட்டபோது சகஜானந்தா அவர்களுக்கு முன்னின்றார். சிதம்பரம் வந்து ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகே இது நடந்தது. அந்த இடைக்காலம் முழுவதும் ஓமக்குளமே அம்மக்களுக்கு வழிபாட்டுக்கும் கூடுகைக்கும் உரிய இடமாக விளங்கியது.

நந்தனார் நுழைந்ததாக நம்பப்படும் தெற்கு வாயில் சுவர் வைத்து அடைக்கப்பட்டதாகவும், அதனைத் திறக்க வேண்டும் என்றும் பிற்காலத்தில் கோரிக்கைகள் எழுந்தன. 2010ஆம் ஆண்டில் தீண்டாமை ஒழிப்பு முன்னணி இதற்காகச் சிதம்பரத்தில் போராட்டம் நடத்தியது.

கருத்து வேறுபாடுகள்

சகஜானந்தாவின் வழி குறித்து மாற்றுக் கருத்துகளும் உண்டு. தீயில் இறங்கிய பின்னரே ஏற்கப்பட்ட நந்தனாரை அடையாளமாகக் கொள்வது, தீண்டாமையை ஒப்புக்கொள்வதாகாதா என்பது முதல் கேள்வி. ஆதிதிராவிடர்கள் முற்காலப் பௌத்தர்கள் என்று கூறி இந்து சமயத்தை விட்டு விலகிய அயோத்திதாசரின் வழி இதற்கு நேர்மாறானது. ஒடுக்கப்பட்டோருக்கென்று தனிப் பள்ளியும் தனிக் கோயிலும் அமைப்பது பிரிவினையை நிலைநிறுத்தும் என்பது இரண்டாவது விமரிசனம்.

இவ்விமரிசனங்களுக்கு இவரது பணி ஓரளவு விடையளிக்கிறது. நந்தனாரின் நினைவை இவர் பிறரிடம் விட்டுவிடவில்லை. அந்நினைவை அம்மக்களின் நிலத்தில், அம்மக்களின் பள்ளியின் பெயராக வைத்தார். கதையில் நந்தனார் தீயில் மறைந்த இடம், நடைமுறையில் பிள்ளைகள் எழுத்துக் கற்கும் இடமாயிற்று. தனி இடம் என்பது பொது இடத்தைத் துறப்பது அன்று என்பதை 1947ஆம் ஆண்டின் கோயில் நுழைவு காட்டுகிறது.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

நிலத்தைத் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்காமல், சமூகத்தின் பொறுப்பில் வைத்து, அதன் மூலம் ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்விடத்தையும் பண்பாட்டையும் காக்கும் முயற்சிகள் உலகின் பிற பகுதிகளிலும் உள்ளன. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1969ஆம் ஆண்டில் கறுப்பின உரிமை இயக்கத்தினர் நியூ கம்யூனிட்டீசு என்ற அமைப்பை உருவாக்கினர். வாக்குரிமை கேட்டதற்காகப் பண்ணை நிலங்களிலிருந்து விரட்டப்பட்ட கறுப்பினக் குடும்பங்களுக்கு நிலையான இடம் அளிப்பது அதன் நோக்கம். சுமார் 5,700 ஏக்கர் நிலத்தை அது வாங்கியது. வினோபா பாவேயின் கிராமதான இயக்கம் இதற்குத் தூண்டுதலாக அமைந்த கருத்துகளுள் ஒன்று. வறட்சியாலும், அரசுக் கடன் உரிய காலத்தில் மறுக்கப்பட்டதாலும் 1985ஆம் ஆண்டில் அந்நிலம் பறிபோனது. பின்னர் வழக்கில் இழப்பீடு பெற்ற அவ்வமைப்பினர் 2011ஆம் ஆண்டில் வேறொரு பண்ணையை வாங்கினர். இவ்வமைப்பின் முன்மாதிரியில் தோன்றிய சமூக நில அறக்கட்டளைகள், நகரங்களில் நிலவிலை உயரும்போது கறுப்பின மக்களின் குடியிருப்புகளும் பண்பாட்டு நிலையங்களும் இடம்பெயர்க்கப்படாமல் காக்க முயல்கின்றன.

ஓமக்குளத்துக்கும் ஜார்ஜியாவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எனினும் அடிப்படைச் சிக்கல் ஒன்றே. உரிமை கேட்பவனின் வீடும் பள்ளியும் வழிபாட்டிடமும் பிறர் நிலத்தில் இருக்கும்வரை அவ்வுரிமை நிலைக்காது.

மறைவும் நினைவும்

சகஜானந்தா 1959ஆம் ஆண்டு மே 1 அன்று காலமானார். அப்போதும் இவர் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். இவரது உடல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளி வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. இவர் தொடங்கிய பள்ளி வளர்ந்து, நந்தனார் ஆண்கள் மேல்நிலைப் பள்ளி, நந்தனார் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஆகிய அரசுப் பள்ளிகளாக இயங்குகிறது. தமிழ்நாடு அரசு சிதம்பரத்தில் இவருக்கு மணிமண்டபம் அமைத்துள்ளது.

பஞ்சமி நிலங்களின் வரலாறு வேறு திசையில் சென்றது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகக் கூறப்படும் அந்நிலங்களில் பெரும்பகுதி பிறர் வசமாகிவிட்டது. அவற்றை மீட்கும் போராட்டத்தின்போது 1994ஆம் ஆண்டு அக்டோபரில் செங்கல்பட்டு மாவட்டம் காரணையை ஒட்டி நடந்த நிகழ்வுகளில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். விற்கக்கூடாது என்ற நிபந்தனை ஆணையில் இருந்தும், அதனைக் கண்காணிக்க ஊரில் அமைப்பு எதுவும் இல்லாததே இந்த இழப்புக்கு முக்கிய காரணங்களுள் ஒன்றாகும். ஓமக்குளத்தில் நிலத்தின் மீது ஒரு பள்ளி இருந்தது. ஆண்டுதோறும் அங்கே மாணவர்கள் வந்தனர். படித்து வெளியேறியோர் தம் பிள்ளைகளையும் அங்கே அனுப்பினர். ஆவணத்தோடு பயன்பாடும் சேர்ந்ததே அந்நிலத்தைக் காத்தது.